நிலம் குலுங்கிய நகரிலே

கிறைஸ்ட்சேர்ச் என்னும் பெயர் கிறிக்கெற் ஆட்டத்திலே ஈடுபாடுள்ள எமது மாணாக்கருக்குப் புதியதன்று. 2015ஆம் ஆண்டின் உலகக் கிண்ணப் போட்டியில், முதல் நாளன்றே இலங்கை அணி நியூசிலாந்திடம் தோற்றது அந்நகரின் ஹாக்லி மைதானத்திலேதான். முன்னர் பெரிய ஆட்டங்கள் நடந்த லங்காஸ்டர் பார்க் அரங்கு 2011ஆம் ஆண்டுப் பூமியதிர்ச்சியிலே பழுதுற்று, பின்னர் இடித்தகற்றப்பட்டது. அங்கே குடியேறி வாழும் எமது பழைய மாணவர் ஒருவரின் அழைப்பின்பேரில், 2024ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில் அந்நகரைக் காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது.

முதல் அதிர்ச்சி 2010 செப்டெம்பர் 4ஆந் திகதி அதிகாலை 4.35க்கு நேர்ந்தது. அதன் அளவு 7.1. ஊர் உறங்கிய வேளையாதலாலும், மையம் நகருக்கு மேற்கே தொலைவில் இருந்தமையாலும், கட்டடம் வீழ்ந்து ஒருவரும் மாளவில்லை. தப்பினோம் என்றே மக்கள் எண்ணினர். 2011 பெப்ரவரி 22ஆந் திகதி நண்பகல் 12.51க்கு வந்தது அளவிலே சிறியது, 6.3 தான், ஆயின் அது நகரின் அருகிலே, சில கிலோமீற்றர் ஆழத்திலேயே எழுந்தது. 185 பேர் மாண்டனர். அவர்களுள் 115 பேர் ஆறு மாடிக் கட்டடமொன்றில் அகப்பட்டவர்கள். ஆங்கிலம் பயிலவெனப் பிற நாடுகளிலிருந்து வந்த மாணவர் பலரும் அங்கே இருந்தனர். கட்டடத்தின் வரைவிலேயே குறையிருந்தது என விசாரணை ஆணைக்குழு பின்னர் கண்டது. ஏவன் நதிக்கரையிலே இறந்தோர் அனைவரின் பெயர்களும் பொறித்த நீண்ட சுவர் ஒன்று உண்டு. வகுப்பறையிலே நாள் கழிக்கும் எமக்கு அதனருகே நிற்பது எளிதாயிருக்கவில்லை.

நகர நடுவிலுள்ள பழைய கதீட்றல் தேவாலயம் கோபுரம் இழந்து நின்றது. இடிப்பதா, திருத்துவதா என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடி, திருத்துவதென 2017இலே முடிவு செய்தனர். 2024இலே பணம் போதாமல் வேலை நின்றது. அதற்கிடையில் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் சிகேரு பான் கூலி பெறாது வரைந்து கொடுத்த கடதாசிக் குழாய்க் கூரையுடைய தேவாலயம் 2013இலேயே எழுந்துவிட்டது. தற்காலிகமானது என்றனர், எமக்கோ கற்கோயிலைக் காட்டிலும் அதுவே பிடித்திருந்தது.

ஆயினும் அந்நகரிலே நாம் மறக்கவியலாதது கட்டிய எதுவுமன்று. கட்டாது விட்ட நிலமே. நகரின் கீழ்ப்பகுதி நதியோரச் சதுப்பின்மேல் அமைந்தது. நிலம் குலுங்கும்போது மணற்றுகள்கள் ஒன்றையொன்று தாங்கிய பிடி நெகிழ்ந்துவிடும். இடையிலே தேங்கிய நீர் அழுத்தத்தினால் மேலெழும். திடமாயிருந்த தரை கூழாகும். அன்று வீதிகளிலும் வீடுகளிலும் சாம்பல் நிறச் சேறு பீறிட்டது. பல்கலைக்கழக மாணவர் ஆயிரக்கணக்கில் மண்வெட்டியோடு திரண்டு வந்து அதனை அள்ளினர். எமது மாணவரின் வீட்டுக்கும் அவர்கள் வந்தனராம். தேநீர் ஊற்றிக் கொடுக்கவும் வீட்டிலே நீர் இருக்கவில்லையாம்.

சேறு அள்ளி முடிந்தும் நிலம் தேறவில்லை. அங்கே மீளக் குடியிருத்தல் தகாதென அரசாங்கம் ஏறத்தாழ 8,000 காணிகளைச் 'சிவப்பு வலயம்' எனக் குறித்து, 2007ஆம் ஆண்டின் மதிப்பீட்டு விலையிலே வாங்க முன்வந்தது. சிலர் போக மறுத்தனர். மற்றையோர் கையொப்பமிட்டனர்; வீடுகள் அகற்றப்பட்டன. இன்று நதியோரமாக ஏறத்தாழ 600 ஹெக்டேயரிலே புல்வெளி பரந்து கிடக்கிறது. ஆனால் மரங்களை விட்டு வைத்திருக்கிறார்கள். வரிசையாய் நின்ற செடிவேலி ஒன்று திடீரென முடிகிறது. அங்கேதான் ஒருவரின் வாயில் இருந்திருக்கவேண்டும்.

மாணவர் வண்டியை நிறுத்தி, பச்சைப் பிஞ்சுகள் தொங்கிய அப்பிள் மரமொன்றைக் காட்டினார்.

"சேர், அது எங்களுடையதில்லை, பக்கத்து வீட்டாருடையது. எங்கள் குசினி இதற்கு இப்பால் இருந்தது."

காய் பழுத்ததும் யார் பறிப்பார்கள் என்று கேட்டோம்.

"யாரும் வரலாம். நானும் ஒருமுறை வந்து பறித்தேன். கேட்காமற் பறிக்கிறேனே என்று கூச்சமாயிருந்தது."

வீடழிந்த வளவிலே கிணறும் மாமரமும் தனித்து நிற்பதைக் கண்டு பழகிய எமக்கு அக்காட்சி அந்நியமாய்த் தோன்றவில்லை. ஆனால் எம்மவர் பலர் என்றோ திரும்புவோம் என்று காத்திருந்தனர். இவர்களுக்கோ உரிய பணமும் கிடைத்தது. புது வீடும் அமைந்தது. திரும்புதல் மட்டும் கடதாசியிலேயே முடிந்துபோயிற்று. இவற்றுள் எது கடிதென எம்மால் நிறுத்துப் பார்க்க முடியவில்லை.

அங்கிருந்து கடலோரத்துச் சம்னருக்குச் சென்றோம். செங்குத்தான பாறைச்சரிவு பிளந்து, விளிம்பிலிருந்த வீடுகள் தொங்கிய இடம் அது. உருளும் பாறைகள் வீதிக்கு வராதபடி கப்பற் கொள்கலன்களை ஓரமாக அடுக்கி, பல ஆண்டுகள் அதன் மறைவிலே போக்குவரத்து நடத்தினர். நாம் கண்டபோது சிறுவர் அலையிலே பலகைகளோடு விளையாடிக்கொண்டிருந்தனர். பெற்றோர் மணலிலே படுத்திருந்தனர். அச்சரிவை நிமிர்ந்து பார்த்தவர்கள் நாமிருவர் மட்டுமே.

சம்னரிலிருந்து குன்றேறி லிற்றில்ரன் துறைமுகத்துக்கு இறங்கும் வீதி எட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்து, 2019இலே திறந்தது. துறைமுகத்துக்கு மேலே 1876ஆம் ஆண்டுக் கற்கோபுரமொன்று. அதன் உச்சிக் கம்பத்திலே பெரிய பந்தொன்றை உயர்த்தி, பிற்பகல் ஒரு மணிக்கு விழவிடுவர். கப்பற்காரர் அதனைப் பார்த்தே தம் கடிகாரங்களைச் சரிசெய்தனர். 2011 ஆனியிலே வந்த மற்றோர் அதிர்ச்சியில் அக்கோபுரம் சரிந்தது. சிதறிய கற்களைச் சேர்த்து, 2018இலே மீண்டும் எழுப்பினர்.

நாம் போய்ச் சேர்ந்தபோது ஒரு மணிக்குச் சில நிமிடங்களே இருந்தன. மாணவர் குடையை விரித்து வெயிலுக்குப் பிடித்தார். பந்து மேலே சென்று, நின்று, விழுந்தது. எமது கைக்கடிகாரம் இரண்டு நிமிடம் பிந்தியிருந்தது. திருத்திக்கொண்டு இறங்கினோம்.