எலும்பு வெளியே தெரிகிறதா? மஞ்சள், காபித்தூள் அப்பாதீங்க!
காலைக் காப்பாற்றுவது முதல் ஒரு மணி நேரம்தான்

சிங்கப்பெருமாள் கோயில்–

ஜி.எஸ்.டி. ரோடும் ஸ்ரீபெரும்புதூர் ரோடும் சேரும் ஊர் இது. ஒரகடம் கம்பெனி பஸ், கன்டெய்னர் லாரி, நடுவே புகுந்து போகும் மோட்டார் சைக்கிள். ராத்திரி பகல் ஓய்வில்லை!

இந்த மாதிரி ரோட்டில் மோட்டார் சைக்கிள்காரர் விழுந்தால் பெரும்பாலும் அடிபடுவது கால். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் எலும்பை மூடியிருப்பது வெறும் தோல்தான். முறிந்த எலும்பு அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

உடனே கூட்டம் கூடும். "மஞ்சளை அப்புப்பா!" "காபித்தூள் வெச்சா ரத்தம் நின்னுடும்!" என்று ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள்.

ஆபத்தே அதில்தான்!

எலும்பில் சீழ்

தோல் கிழியாத முறிவில் கிருமி உள்ளே போக வழியில்லை. கிழிந்துவிட்டால் ரோட்டு மண்ணும் சாக்கடைத் தண்ணீரும் எலும்பு வரை போகும். எலும்பில் சீழ் பிடித்தால் மாதக்கணக்கில் படுக்கைதான். முறிவு கூடாது. சிலருக்குக் காலையே எடுக்க வேண்டிவரும்.

முதலில் ஊசி

அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்பே, முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள், ஆன்டிபயாடிக் ஊசி போடுகிறார்கள். 1974-ல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சியில், மருந்தே பெறாதவர்களில் 100-க்கு 14 பேருக்குச் சீழ் பிடித்தது. செபலோதின் என்ற மருந்து பெற்றவர்களில் 100-க்கு இரண்டே பேர்!

டெட்டனஸ் ஊசியும் உண்டு.

சோப்பா? சலைனா?

அடுத்தது தியேட்டரில் கழுவும் வேலை. செத்த சதையை வெட்டி எடுத்து, அழுக்குப் போகக் கழுவிய பிறகுதான் கம்பி, ராடு எல்லாம்.

சோப்புத் தண்ணீரில் கழுவினால் இன்னும் சுத்தமாகுமே என்று தோன்றும். இந்தியா உள்பட 5 நாடுகளில் 2,400-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. சோப்பில் கழுவியவர்களில் 14.8 சதவீதம் பேருக்கு மறு ஆபரேஷன் தேவைப்பட்டது. சாதா சலைனில் 11.6 சதவீதம்தான்!

கோவை டாக்டர்களின் மார்க்

கால் தப்புமா என்று கணக்குப் போட கோவை கங்கா ஆஸ்பத்திரி டாக்டர்கள் 2006-ல் ஒரு மார்க் முறையை வெளியிட்டார்கள். 14 வரை என்றால் காலைக் காப்பாற்றப் பார்க்கலாம். 17-ஐத் தொட்டால் எடுப்பதே மேல்.

பரீட்சையில் மார்க் கூடினால் சந்தோஷம். இங்கே கூடினால் ஆபத்து! புண்ணைச் சுத்தம் செய்ய 12 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் 2 மார்க். சாக்கடை, சாணம் பட்டிருந்தால் இன்னொரு 2 மார்க்!

நீங்கள் செய்ய வேண்டியது

* 108-க்குப் போன் போடுங்கள்.
* வெளியே வந்த எலும்பை உள்ளே தள்ளாதீர்கள்.
* சுத்தமான துணியால் புண்ணை மூடுங்கள். ரத்தம் கொட்டினால் துணியை அழுத்திப் பிடியுங்கள்.
* கால் அசையாமல் கட்டையோ அட்டையோ வைத்துக் கட்டுங்கள்.
* சாப்பிடக் குடிக்க எதுவும் தராதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரும்.
* எண்ணெய்க் கட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

பக்கத்திலேயே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. காசுக்கு என்ன செய்வது என்று தயங்கவும் வேண்டாம். "நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியதே இதே மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான். ரோடு விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

மஞ்சள் டப்பா சமையலறையிலேயே இருக்கட்டும்!