ராக் மியூசிக்கில் இத்தனை வகையா? கடலூர் டு சிதம்பரம் பஸ்ஸில் போறதுக்குள்ள புரிஞ்சுக்கலாம்!

கடலூர் சில்வர் பீச்சில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கறுப்பு டி-ஷர்ட்டில் மஞ்சள் ஸ்மைலியோடு 'நிர்வானா' என்றோ, மின்னல் மாதிரி எழுத்தில் 'மெட்டாலிகா' என்றோ போட்டுக்கொண்டு யாராவது உங்களைக் கடந்து போவார்கள். இரண்டும் ராக் பேண்டுகளின் பெயர்கள். முதலாவது கிரஞ்ச், இரண்டாவது த்ராஷ் மெட்டல். "எல்லாமே ஒரே இரைச்சல்தானே... அதுக்கு எதுக்கு இத்தனை பேரு?" என்று கேட்கத் தோணுதா?

நியாயமான கேள்விதான். ஹார்டு ராக், புரோக்ரசிவ் ராக், ஹெவி மெட்டல், பங்க், த்ராஷ், டெத் மெட்டல், கிரஞ்ச், நு மெட்டல்... இந்தப் பட்டியலை மனப்பாடம் பண்ண ஆரம்பித்தால் தலை சுற்றும். அதற்கு அவசியமே இல்லை. ராக்கில் பெரும்பாலான புது வகைகள், ஏற்கெனவே இருந்ததில் யாரோ சிலர் ஏதோ ஒன்றை மாற்றியதால் பிறந்தவை. எதை மாற்றினார்கள் என்பதைக் கண்டுபிடிக்க நான்கு கேள்விகள் போதும்.

அதற்கு முன்னால், வேரைப் பார்த்துவிடுவோம்.

எங்கிருந்து வந்தது?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸும், அவர்களின் தேவாலயப் பாட்டும், வெள்ளையர்களின் கிராமத்து 'கன்ட்ரி' இசையும் கலந்ததுதான் ராக் அண்ட் ரோல். சிஸ்டர் ரோசெட்டா தார்ப் என்ற கறுப்பினப் பெண், 1940-களிலேயே எலெக்ட்ரிக் கிடாரை வைத்துக்கொண்டு சர்ச் பாட்டுகளை அதிரவைத்தார். 1950-களில் சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்டு, எல்விஸ் பிரெஸ்லி எல்லாம் வந்தார்கள். பள்ளிக்கூடம், பஸ், ஹோட்டல் என எல்லா இடத்திலும் கறுப்பர்களைத் தனியாக உட்காரவைத்த காலம் அது. ஆனால் ரேடியோ அலைக்குத் தனி வரிசை கிடையாதே! கறுப்பினக் கலைஞர்களின் தாளம் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் படுக்கையறை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் இசை என்பது ராக்கின் ஜாதகத்திலேயே இருக்கிறது.

கேள்வி 1: சத்தம் எவ்வளவு கரகரப்பு?

ஆம்ப்ளிஃபயரின் சக்திக்கு மேல் சத்தத்தைத் தள்ளினால் ஒலி உடைந்து கரகரக்கும். இதற்குப் பெயர் டிஸ்டார்ஷன். சவுண்டு சர்வீஸ்காரர்கள் இதைக் கோளாறு என்பார்கள். ராக்காரர்களோ இதையே அழகாக்கிக்கொண்டார்கள். 1964-ல் 'தி கிங்க்ஸ்' பேண்டின் கிடாரிஸ்ட் டேவ் டேவிஸ், இந்தக் கரகரப்புக்காகவே தன் ஸ்பீக்கர் கோனை பிளேடால் கிழித்தார். லெட் செப்பலின், டீப் பர்ப்பிள் போன்ற பேண்டுகள் இந்தச் சத்தத்தை இன்னும் பெரிதாக்கியபோது, அது ஹார்டு ராக் ஆனது.

அடுத்த படி ஹெவி மெட்டல். இங்கிலாந்தின் தொழில் நகரமான பர்மிங்காமில் டோனி ஐயோமி என்ற 17 வயசுப் பையன், தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். அங்கே நடந்த விபத்தில், தந்தியை அழுத்தும் கையின் இரண்டு விரல் நுனிகள் துண்டாகிவிட்டன. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தானே உறை செய்துகொண்டான். விரல் வலிக்காமல் இருக்க மெல்லிய தந்திகளைப் போட்டான். பிற்பாடு தந்திகளைத் தளர்த்தி சுருதியையும் இறக்கினான். அந்தக் கனமான, இருண்ட ஒலியும் இதிலிருந்து வளர்ந்ததுதான். 1970-ல் வந்த 'பிளாக் சபாத்' பேண்டின் முதல் ஆல்பம், ஹெவி மெட்டலின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது. சிப்காட்டிலோ நெய்வேலியிலோ ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களுக்கு இது அந்நியக் கதையாகத் தோன்றாது.

கேள்வி 2: தாளக் கணக்கு எவ்வளவு சிக்கல்?

பெரும்பாலான ராக் பாட்டுகள் நாலு நாலாக எண்ணும் தாளத்தில் ஓடும். 1960-களின் கடைசியில் சிலருக்கு இது போரடித்துவிட்டது. கிங் கிரிம்சன், யெஸ், பிங்க் ஃபிளாய்டு போன்ற பேண்டுகள் நீளமான பாட்டு, மாறும் தாளம், ஒரு ஆல்பம் முழுக்க ஒரே கரு என்று போனார்கள். இதுதான் புரோக்ரசிவ் ராக்.

இதைப் புரிந்துகொள்ள சிதம்பரத்துக்காரர்களுக்குத் தனி டியூஷன் தேவையில்லை. கோயிலில் தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு புதுசா என்ன? பிங்க் ஃபிளாய்டின் 'மணி' பாட்டைப் போட்டு, தொடையில் தட்டி ஏழு எண்ணிப் பாருங்கள், கச்சிதமாக உட்காரும். நடுவில் கிடார் தனியாக வாசிக்கும்போது தாளம் நாலுக்கு மாறும். மாறும் இடத்தைப் பிடித்துவிட்டால், நீங்கள் பாஸ்!

கேள்வி 3: வேகம் எவ்வளவு?

இருபது நிமிஷப் பாட்டு, மேடையில் லாரி லாரியாகக் கருவிகள் என்று ராக் பணக்காரத்தனம் ஆனதும், எதிர்ப்பு கிளம்பியது. "மூணு கார்டு தெரிஞ்சா போதும், மேடை ஏறு" என்பதுதான் பங்க் ராக்கின் கொள்கை. 1976-ல் வந்த நியூயார்க்கின் 'ராமோன்ஸ்' பேண்டின் முதல் ஆல்பத்தில் 14 பாட்டுகள். மொத்தமும் 29 நிமிஷத்தில் முடிந்துவிடும்!

பங்க்கின் வேகத்தையும் மெட்டலின் கனத்தையும் சேர்த்தால் த்ராஷ் மெட்டல். மெட்டாலிகாவின் முதல் ஆல்பம் 1983-ல் வந்தது. அதை இன்னும் இறுக்கி, அடித்தொண்டையிலிருந்து உறுமினால் டெத் மெட்டல்.

கேள்வி 4: யார் குரல், என்ன மொழி?

1991-ல் நிர்வானாவின் 'நெவர்மைண்ட்' ஆல்பம் வந்தபோது, சியாட்டில் பக்கத்துப் பையன்கள் மினுமினு உடைகளைத் தூக்கிப்போட்டு, சாயம்போன கட்டம் போட்ட சட்டையில் தங்கள் விரக்தியைப் பாடினார்கள். அதுதான் கிரஞ்ச். 2000-ல் லிங்கின் பார்க், மெட்டலோடு ராப்பைக் கலந்தது. அந்த நு மெட்டல்தான் நம்மூர் 90ஸ் கிட்ஸ் பலருக்கு முதல் ராக்.

நமக்கு முக்கியமான கேள்வி இதுதான். மேற்கத்திய இசை நம் வீட்டுக்குள் வரலாமா என்ற சண்டை நமக்குப் புதிதல்ல. மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன், 'பாரிசுக்குப் போ' நாவலில் மேற்கத்திய வயலின் வாசிக்கும் சாரங்கனை அவன் அப்பாவோடு மோதவிட்டது 1960-களிலேயே. அதற்கும் முன்னால், 1941-ல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழிசை மாநாடு நடந்தது. கச்சேரி மேடைகளில் தெலுங்கும் சமஸ்கிருதமும் நிறைந்திருந்தபோது, "தமிழ்நாட்டில் தமிழில் பாடினால் என்ன?" என்ற கேள்வியை ஓங்கிக் கேட்ட ஊர் அது.

ராக் மேடையில் அந்தக் கேள்வி வர ரொம்ப நாள் ஆனது. சென்னையின் கல்லூரி விழாக்களில் ராக் என்றாலே இங்கிலீஷ் பாட்டுதான் என்ற நிலை நீண்ட காலம் இருந்தது. சினிமாவுக்கு வருமுன் ஏ.ஆர்.ரஹ்மான்கூட 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் பேண்டில் கீபோர்டு வாசித்தவர்தான். 1992-ல் சிங்கப்பூரின் இந்திய வம்சாவளி இளைஞர்கள் தொடங்கிய 'ருத்ரா', டெத் மெட்டலில் வேதாந்தத்தையும் சுலோகங்களையும் கலந்து 'வேதிக் மெட்டல்' என்று பெயர் வைத்தது. பெங்களூரின் 'அகம்' பேண்ட், கர்நாடகக் கீர்த்தனைகளை புரோக்ரசிவ் ராக்கோடு சேர்த்தது.

2018 ஜனவரியில் சென்னையில் இயக்குநர் பா.இரஞ்சித்தின் முயற்சியில், டென்மாவின் இசையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியது. மொத்தம் 19 பேர். கானா, பறை, ராப் எல்லாவற்றோடும் எலெக்ட்ரிக் கிடார். சாதிக்கு எதிராக, சென்னைத் தமிழில், முழுத் தொண்டையில் பாடினார்கள். அமெரிக்காவில் ராக் எதற்காகப் பிறந்ததோ, அந்த இடத்துக்கே அது இங்கே திரும்பி வந்த மாதிரி இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தில்லைக்குள் நுழைய ஏங்கி வெளியே நின்ற நந்தனின் கதையை 19-ம் நூற்றாண்டில் கீர்த்தனையாக்கினார் கோபாலகிருஷ்ண பாரதியார். அவர் ராகக் கீர்த்தனைகளோடு நொண்டிச் சிந்தையும் கலந்தார். வெளியே நிற்கிறவரின் கதையைச் சொல்ல வேண்டுமென்றால், இசையும் தன் வேலியைத் தாண்டித்தான் ஆக வேண்டும் போல.

சரி, எங்கே ஆரம்பிக்கலாம்?

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். ராமோன்ஸின் முதல் ஆல்பம் 29 நிமிஷம். பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' சுமார் 43 நிமிஷம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், பங்க் எதை எதிர்த்து வந்தது என்பது இறங்குவதற்குள் உங்கள் காதுக்கே புரிந்துவிடும். திரும்பி வரும்போது ருத்ரா, அகம், காஸ்ட்லெஸ் கலெக்டிவ். ஒவ்வொரு பாட்டுக்கும் அந்த நான்கு கேள்விகளை மட்டும் கேளுங்கள்.

"இதெல்லாம் சிட்டி பசங்களுக்கு, நமக்கு இங்கிலீஷ் வராது" என்று ஒதுங்க வேண்டாம். வரி புரியாவிட்டாலும் தாளம் புரியும், கோபம் புரியும். ஒரே ஒரு வேண்டுகோள்: ஹெட்போன் போட்டுக்குங்க. பக்கத்து சீட்டு பெரியவருக்கு டெத் மெட்டலை அறிமுகப்படுத்த ஜன்னலோர சீட் சரியான இடம் இல்லை!