ஜாமீன் கிடைத்தால் வழக்கு முடிந்துவிடுமா? சங்கரராமன் வழக்கு கற்றுத்தரும் கோர்ட் வார்த்தைகள்!

ரிமாண்ட், ஜாமீன், அப்ரூவர், பிறழ் சாட்சி... தினமும் செய்திகளில் காதில் விழும் வார்த்தைகள்தான். ஆனால், வீட்டில் ஒருவர் மீது வழக்கு என்று வரும்போது, இவற்றின் பொருள் புரியாமல் குடும்பமே தவித்துப்போகிறது. காஞ்சிபுரத்தை உலுக்கிய சங்கரராமன் கொலை வழக்கில் இந்த வார்த்தைகள் அத்தனையும் வந்துபோயின. அந்த வழக்கின் வழியாகவே ஒவ்வொன்றையும் தெரிந்துகொள்ளலாம்.

எஃப்.ஐ.ஆர்

2004 செப்டம்பர் 3 அன்று, காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் வளாகத்திலேயே அதன் மேலாளர் சங்கரராமன் கொல்லப்பட்டார். இப்படி ஒரு குற்றம் பற்றி போலீஸுக்கு முதலில் கிடைக்கும் தகவலைப் பதிவு செய்வதுதான் எஃப்.ஐ.ஆர் எனும் முதல் தகவல் அறிக்கை. இது விசாரணையின் தொடக்கம் மட்டுமே. இதில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். புகார் கொடுத்தவருக்கு இதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர் ரசீது, மனு வாங்கப்பட்டதற்கான அத்தாட்சிதான், அது எஃப்.ஐ.ஆர் அல்ல.

ரிமாண்ட்

ஏனாத்தூர் பல்கலைக்கழகத்தை நிறுவிய காஞ்சி சங்கர மடத்தின் அப்போதைய பீடாதிபதி ஜெயேந்திரர், 2004 நவம்பர் 11 அன்று ஆந்திராவின் மகபூப்நகரில் கைது செய்யப்பட்டு, வேலூர் சிறையில் அடைக்கப்பட்டார். கைதான யாரையும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். மாஜிஸ்திரேட் காவலில் வைக்க உத்தரவிடுவதே ரிமாண்ட். சிறைக்கு அனுப்பினால் நீதிமன்றக் காவல். விசாரிப்பதற்காக போலீஸிடமே ஒப்படைத்தால் போலீஸ் காவல்.

ஜாமீன்

சென்னை உயர் நீதிமன்றம் மறுத்த ஜாமீனை, 2005 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் ஜெயேந்திரருக்கு வழங்கியது. ஜாமீன் என்பது நிபந்தனைகளோடு வெளியே இருக்க அனுமதி, அவ்வளவுதான். வழக்கு அப்படியே இருக்கும். நிபந்தனையை மீறினால் ஜாமீன் ரத்தாகலாம். கைதாவதற்கு முன்பே வாங்குவது முன்ஜாமீன்.

குற்றப்பத்திரிகை

போலீஸ் தன் விசாரணையை முடித்து, யார் மீது என்ன குற்றச்சாட்டு, அதற்கு என்ன ஆதாரம் என்று நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது. கைதானவர் சிறையில் இருந்தால், சாதாரண வழக்குகளில் 60 நாள்கள், கொலை போன்ற கடும் குற்றங்களில் 90 நாள்கள்தான் கெடு. அதற்குள் தாக்கல் ஆகவில்லை என்றால், ஜாமீன் கேட்டுப் பெறுவது அவரது உரிமை.

வழக்கு மாற்றம்

தமிழ்நாட்டில் நியாயமான விசாரணை நடக்காது என்று ஜெயேந்திரர் தரப்பு முறையிட்டதை ஏற்று, 2005 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கைப் புதுச்சேரிக்கு மாற்றியது.

அப்ரூவர், பிறழ் சாட்சி

குற்றத்தில் தொடர்புடைய ஒருவர், தெரிந்த உண்மை முழுவதையும் சொல்வதாக ஒப்புக்கொண்டால், நீதிமன்றம் அவருக்கு மன்னிப்பு வழங்கலாம். அவரே அப்ரூவர். தன்னை அழைத்த தரப்புக்கு எதிராகத் தன் முந்தைய வாக்குமூலத்தையே மறுப்பவர் பிறழ் சாட்சி. இந்த வழக்கில் விசாரிக்கப்பட்ட 189 சாட்சிகளில் 83 பேர் பிறழ் சாட்சிகள் ஆனார்கள். அப்ரூவரும் அவர்களில் ஒருவர்! பிறழ் சாட்சி சொன்னது முழுவதும் தள்ளுபடி ஆகிவிடாது. நம்பத் தகுந்த பகுதியை நீதிமன்றம் ஏற்கலாம்.

விடுதலை

2013 நவம்பர் 27 அன்று, புதுச்சேரி நீதிமன்றம் 23 பேரையும் விடுதலை செய்தது. நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பின் பொறுப்பு. அது நிரூபிக்கப்படாவிட்டால் கிடைப்பது விடுதலை. விசாரணை தொடங்கும் முன்பே, போதிய முகாந்திரம் இல்லை என்று வழக்கிலிருந்து நீக்குவது விடுவிப்பு. இரண்டும் வேறு வேறு. ஒன்பது ஆண்டுகள் நடந்த இந்த வழக்கில் யாருக்கும் தண்டனை இல்லை. சங்கரராமனைக் கொன்றது யார் என்ற கேள்வி மட்டும் மிச்சமிருக்கிறது.

வக்கீல் வைக்க வசதி இல்லையா?

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்களின் பெயர்களும் பிரிவு எண்களும் மாறிவிட்டன. ஆனால், மேலே சொன்ன அடிப்படைகள் மாறவில்லை. பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் உள்ளிட்ட சில பிரிவினர் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி பெறலாம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் அழைக்கலாம். எதிலும் கையெழுத்துப் போடும் முன், ‘இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?’ என்று வக்கீலிடம் தயங்காமல் கேளுங்கள்.