அருவி நடையும் எலிக்காய்ச்சலும்

வடகிழக்குப் பருவமழை பெய்து ஓயும் மார்கழியில் பாபநாசம் அகத்தியர் அருவி நிறைந்து விழும். அங்கு நாங்கள் தம்பதியாய் நடந்து செல்வதுண்டு. நாய்கள் இரண்டும் வீட்டில்தான். அருவி இருப்பது 1988-இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகப் பகுதியில். அவற்றுக்குத் தாமிரபரணிக் கரை நடையே போதும். நீரைவிடச் சேறே அவற்றுக்குப் பிரியம்!

எங்கள் கவலையும் அச்சேறுதான். எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீரில் வெளியேறும் லெப்டோஸ்பைரா கிருமி ஈரமண்ணில் வாரக்கணக்கில் உயிர்த்திருக்கும். காலிலுள்ள சிறு வெடிப்பின் வழியே உடலுக்குள் புகும். பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள் காய்ச்சல் வரும். கெண்டைக்கால் தொட்டாலே வலிக்கும், கண்கள் சிவக்கும். சாதாரணக் காய்ச்சல் என்றெண்ணிக் கடையில் மாத்திரை வாங்கி நாள் கடத்துவோர் உண்டு. கண் மஞ்சளித்து, சிறுநீர் குறைந்தபின் வந்தால் சிறுநீரகங்களே செயலிழந்திருக்கக்கூடும். தொடக்கத்திலேயே வந்துவிட்டால், மருத்துவர் தரும் டாக்சிசைக்ளின் மாத்திரையே பெரும்பாலும் போதுமானது.

பாத வெடிப்புள்ளோரும் நீரிழிவு உள்ளோரும் வெறுங்காலுடன் சேற்றில் இறங்க வேண்டா. நாய்களுக்கு ஆண்டுதோறும் போடத் தடுப்பூசி உண்டு. காய்ச்சலோடு வரும்போது, எந்த ஆற்றில் என்று நனைந்தீர்கள் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். மருத்துவர் கேட்க மறக்கலாம்.