‘கம்பெனின்னா அப்படித்தான்!’ - கொடைக்கானல் பாதரச ஆலை விவகாரத்தில் நடந்தது என்ன?

‘காலம் கெட்டுப்போச்சு, எவனுக்கும் மனசாட்சி இல்ல.’ டீக்கடையிலும் பஸ்ஸிலும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் இந்தப் புலம்பலைக் கேட்காத நாள் இல்லை. ஒரு பெரிய நிறுவனம் தப்பு செய்துவிட்டதாகச் செய்தி வந்தால், கூடவே இன்னொரு வரியும் வரும்: ‘கம்பெனின்னா அப்படித்தான் இருப்பான். நாம என்ன பண்ண முடியும்?’

கோபம் நியாயமானதுதான். ஆனால், ‘உலகமே இப்படித்தான்’ என்று சொன்ன அந்த நிமிடமே, குறிப்பிட்ட யாரும் பதில் சொல்லவேண்டிய தேவை இல்லாமல் போய்விடுகிறது. பேராசை என்பது காற்றில் மிதக்கும் விஷயம் அல்ல. யாரோ, ஏதோ ஒரு நாளில், ஏதோ ஒரு செலவை மிச்சம் பிடிக்க எடுக்கும் முடிவு அது. அதைப் புரிந்துகொள்ள நம் ஊர்க் கதை ஒன்றே போதும். அதுதான் கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் கதை.

அமெரிக்காவிலிருந்து வந்த ஆலை

காய்ச்சல் பார்க்கும் கண்ணாடி தெர்மாமீட்டரைத் தயாரிக்கும் இந்தத் தொழிற்சாலை முதலில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தது. பாண்ட்ஸ் நிறுவனத்தின் கையில் இருந்த ஆலை, 1987-ல் யுனிலீவர் பாண்ட்ஸின் தாய் நிறுவனத்தை உலக அளவில் வாங்கியபோது அந்தக் குடும்பத்துக்குப் போனது. அப்போது இந்தியாவில் அதன் பெயர் ஹிந்துஸ்தான் லீவர். இப்போது ஹிந்துஸ்தான் யுனிலீவர்.

பாதரசம் வெளியிலிருந்து வந்தது. முடிந்த தெர்மாமீட்டர்கள் வெளிநாட்டுக்குப் போயின. இங்கே தங்கியது உடைந்த கண்ணாடியும், சிந்திய பாதரசமும், அதைச் சுவாசித்த தொழிலாளர்களும்தான். ஆலை இருந்த மேட்டுக்குக் கீழே பாம்பார் சோலைக்காடு. மலையில் வேலை வாய்ப்பு குறைவு. மாசச் சம்பளம் தரும் கம்பெனி வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

பாதரசம் என்ன செய்யும்?

பாதரசம் சாதாரண வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும் உலோகம். தரையில் சிந்தினால் மணி மணியாக உருண்டு ஓடும். சின்னப் பிள்ளைகள் அதை விளையாட்டுப் பொருளாகப் பார்ப்பார்கள். ஆபத்து அதன் ஆவியில் இருக்கிறது. அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சு வழியாக உள்ளே போனால் நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். கை நடுக்கம், மறதி, தூக்கமின்மை, எரிச்சல் என்று மெதுவாகத் தலைகாட்டும். ‘வயசாகுது, அதான்’ என்று சொல்லிக் கடந்துபோகிற அறிகுறிகள்தான் எல்லாமே.

இது 2001-ல் யாருக்கும் தெரியாத அறிவியல் அல்ல. ஜப்பானின் மினமாட்டா நகரில் சிஸ்ஸோ என்ற ரசாயன நிறுவனம் பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. அந்த மீனைச் சாப்பிட்டவர்கள் முடங்கியதும் இறந்ததும் 1956-லேயே அதிகாரபூர்வமாகப் பதிவானது. 1959-ல் நிறுவனத்தின் சொந்த மருத்துவமனை டாக்டரே கழிவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்து, அதே நோய் வருவதைக் கண்டுபிடித்தார். நிறுவனம் அந்த முடிவை வெளியே விடவில்லை. 1968 வரை கழிவு கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. தெரியாமல் செய்த ஒன்பது ஆண்டுகள் அல்ல அவை, தெரிந்தே செய்தவை.

காயலான் கடையில் கிடைத்த சாட்சி

கொடைக்கானலில் விஷயம் வெளியே வந்தது எந்த அரசு ஆய்விலும் அல்ல. ஒரு காயலான் கடையில்! 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதிப் பழைய பொருள் கிடங்கு ஒன்றில் பாதரசம் ஒட்டிய உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி 7.4 டன் கிடந்தது. உள்ளூர் மக்களும், பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும், கிரீன்பீஸ் அமைப்பும், முன்னாள் தொழிலாளர்களும் அதை ஊரறியக் காட்டினார்கள். ஆலை அந்த மாதமே உற்பத்தியை நிறுத்தியது. பிறகு திறக்கவே இல்லை.

தனது விதிமுறைகளை மீறி அந்தக் கண்ணாடி விற்கப்பட்டுவிட்டது என்றது நிறுவனம். இருக்கலாம். ஆனால் கணக்கு எளிது. பாதரசக் கழிவை முறைப்படி அகற்றினால் செலவு. காயலான் கடைக்குப் போட்டால் வரவு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ‘விழுமியம்’ என்று நாம் சொல்லும் சமாச்சாரம் நிற்கிறது. பெரிய சதியெல்லாம் தேவையில்லை. ஒருவர் விற்கிறார், ஒருவர் எடை போடுகிறார், பார்ப்பவர்கள் ‘நமக்கென்ன’ என்று இருந்துவிடுகிறார்கள்.

2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேற்றப்பட்டு, மறுசுழற்சிக்காக அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. இந்தியாவிலிருந்து இப்படி நச்சுக் கழிவு ‘ரிட்டர்ன்’ ஆனது மிக அபூர்வம்.

தொழிலாளர்களுக்கு 15 ஆண்டுகள்

போதிய பாதுகாப்புக் கருவி தரவில்லை, ஆபத்தைச் சொல்லவும் இல்லை என்பது தொழிலாளர்களின் குற்றச்சாட்டு. ஊழியர்களின் உடல்நலத்தை ஆலை பாதிக்கவில்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. 2006-ல் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, நோய்களுக்கும் பாதரசத்துக்கும் தொடர்பு இருப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. பின்னர், மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 2011-ல் கொடுத்த அறிக்கை பாதரசத்தால் பாதிப்பு இருப்பதாகச் சொன்னது. இரண்டு அறிக்கைகளுக்கு நடுவில் காலம் ஓடியது.

2015 ஜூலையில் சென்னையைச் சேர்ந்த ராப் பாடகி சோஃபியா அஷ்ரப்பின் ‘கொடைக்கானல் வோன்ட்’ வீடியோ இணையத்தில் பரவியது. உலகமெங்கும் கேள்வி எழுந்தது. யுனிலீவரின் தலைமைச் செயல் அதிகாரியே பதில் சொல்லவேண்டிய நிலை வந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. தொகை எவ்வளவு என்று வெளியிடவில்லை.

ஆலை மூடி 15 ஆண்டுகள் கழித்து! அதற்குள் இறந்துபோனவர்களுக்கு அந்த உடன்பாட்டால் என்ன பயன்?

மண்ணுக்கு யார் பொறுப்பு?

ஆலை இருந்த இடத்து மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்பதில் அடுத்த சண்டை. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று இங்கே அளவு வைக்கப்பட்டது. சோலைக்காட்டுக்கு மேலே உள்ள இடத்துக்கு இது மிகத் தளர்வான அளவு, வளர்ந்த நாட்டில் இதே கம்பெனி இப்படிச் செய்யுமா என்று சூழலியலாளர்கள் கேட்டார்கள். அறிவியல் அடிப்படையில்தான் அந்த அளவு முடிவானது என்பது நிறுவனத் தரப்பு.

அளவைத் தளர்த்தினால் தோண்டவேண்டிய மண் குறையும். மண் குறைந்தால் செலவு குறையும். மிச்சமாகும் செலவின் ரிஸ்க் மட்டும் கீழே தண்ணீர் குடிப்பவர் தலையில் ஏறும்.

‘சிஎஸ்ஆர்’ செய்கிறார்களே?

இது பலரும் குழப்பிக்கொள்ளும் இடம். நிறுவனங்கள் சட்டம் 2013-ன் 135-வது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பள்ளிக்குக் கழிப்பறை கட்டுவதும் மரம் நடுவதும் அந்தக் கணக்கு. தான் கெடுத்ததைத் தானே சரிசெய்வது வேறு கணக்கு. ஒன்றைச் செய்ததால் மற்றொன்று கழிந்துவிடாது.

இரண்டாவது கணக்குக்கும் சட்டம் இருக்கிறது. வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில், ‘மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்’ என்பது இந்தியச் சட்டத்தின் பகுதி என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ராஜஸ்தானின் பிச்ரி கிராம வழக்கிலும் அதே ஆண்டு அதே கொள்கைதான் தீர்ப்பானது. அங்கே நிறுவனம் பணம் கட்டாமல் மனு மேல் மனு போட்டு இழுத்தடித்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் கூட்டு வட்டியோடு கட்டச் சொன்னது. கவனிக்கவேண்டிய விஷயம் அந்தக் கூட்டு வட்டிதான். இழுத்தடிப்பதே லாபம் என்ற கணக்கை அது தலைகீழாக்கியது.

நாம் என்ன செய்யலாம்?

முதலில், ‘எல்லாரும் திருடன்தான்’ என்பதை விட்டுவிட்டு நாலு கேள்வி கேட்கப் பழகலாம். யாருக்கு எப்போது தெரியும்? எந்தச் செலவு மிச்சமானது? அந்தச் செலவை இப்போது யார் சுமக்கிறார்கள்? கண்காணிக்கவேண்டிய அதிகாரி அன்று என்ன எழுதினார்?

பதில் வாங்க வழியும் இருக்கிறது. உங்கள் ஊர்த் தொழிற்சாலைக்குக் கொடுத்த அனுமதி என்ன, நிபந்தனை என்ன, கடைசியாக ஆய்வு நடந்தது எப்போது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பெரிய திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தவேண்டும் என்று 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கை சொல்கிறது. போய் உட்கார்ந்து, சொல்வதைப் பதிவு செய்யச் சொல்லலாம். 2010 சட்டப்படி அமைந்த பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகலாம்.

கொடைக்கானலில் இதைத் தொடங்கியவர்கள் பெரிய ஆட்கள் இல்லை. காயலான் கடையில் கிடந்த கண்ணாடியைப் பார்த்து, ‘இது எங்கேயிருந்து வந்துச்சு?’ என்று கேட்டவர்கள்தான்.