வேம்புக்குடி வாசலில் ஐந்து பேர்

மேசையைச் சுற்றி ஐந்து பேர். ஒருவர் முன்னால் மட்டும் மடக்கிய அட்டை ஒன்று நிற்கிறது. அதற்குப் பின்னால் அவருடைய குறிப்புகள். "வேம்புக்குடி வாசல் சாத்தியிருக்கு. வழக்கமா இந்த நேரத்துக்குத் திறந்துதான் இருக்கும். காவலுக்கு நிக்கிறவங்க முகமும் புதுசு. என்ன செய்றீங்க?" என்கிறார். எண்ணெய் வணிகராக ஆடுபவர் கொஞ்சம் யோசித்து, "காவலனைத் தனியா கூப்பிட்டு ரெண்டு காசு குடுத்துப் பாக்கறேன்" என்கிறார். இருபது முகப் பகடை உருள்கிறது. பதினான்கு. காவலன் காசை மடியில் கட்டிக்கொண்டு, அரண்மனையில் விடியற்காலையில் நடந்ததைக் காதோடு சொல்லிவிட்டு நகர்கிறான்.

இப்படி ஆடப்படுவதுதான் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம். ஆடுபவர்கள் சுருக்கமாக ஆர்பிஜி என்பார்கள். கட்டம் போட்ட பலகை கட்டாயமில்லை. வென்றவர் தோற்றவர் என்ற கணக்கும் கிடையாது. நால்வர் ஆளுக்கொரு பாத்திரமாகிறார்கள். ஐந்தாமவர் ஆட்ட நடத்துநர். ஊரும் மழையும் காவலனும் பகைவனும் அவர் பொறுப்பு. ஒரு செயல் பலிக்குமா என்ற ஐயம் வந்தால் பகடை தீர்த்துவைக்கும். வணிகருக்கு நடத்துநர் மனதில் குறித்த இலக்கு 15. பேச்சுத் திறமைக்காக அவர் தாளில் எழுதியிருக்கும் 3-ஐ 14-உடன் கூட்டினால் 17; காரியம் பலித்தது. பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும் என்பதால், உருட்டும் முன்பே அவருக்கு இருந்த வாய்ப்பு 45 விழுக்காடு.

பகடை நமக்குப் பழகிய பொருள்தான். கீழடி அகழாய்விலேயே தந்தப் பகடை கிடைத்திருக்கிறது. இங்கே விழும் எண் காய்க்குப் பதில் கதையை நகர்த்துகிறது, அவ்வளவே.

இந்த வகையின் முதல் நூல் 1974-இல் வந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் இருவரும் எழுதிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்களாக, டிஎஸ்ஆர் என்ற சிறு நிறுவனத்தால் ஆயிரம் பிரதிகள் அச்சிடப்பட்டது. அடுத்த ஆண்டே அதற்கு ஒரு துணைநூல் வெளியானது: 'கிரேஹாக்'. ஒரு கற்பனை நகரத்தின் பெயரைத் தாங்கிய அந்தப் புத்தகத்தில் நகரத்தைப் பற்றி அநேகமாக ஒன்றும் இல்லை. திருடன் என்ற புதிய பாத்திர வகை, புதிய மந்திரங்கள், புதிய பூதங்கள் என்று விதிகளே நிறைந்திருந்தன.

ஐம்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலைத் தொடரும் இழுபறி அந்த முதல் துணைநூலிலேயே தொடங்கிவிட்டது. மூலநூலை ஒருமுறை வாங்கியவர் பல ஆண்டுகள் ஆடலாம். ஆகவே பதிப்பகம் பிழைக்கத் துணைநூல் வேண்டும். புதிய பாத்திர வகைகள் கொண்ட நூலை மேசையில் இருக்கும் ஐந்து பேருமே வாங்கக்கூடும். ஒரு நாட்டையோ நகரத்தையோ விவரிக்கும் நூலை நடத்துநர் ஒருவர்தான் வாங்குவார். 1990-களில் டிஎஸ்ஆர் கற்பனை உலகங்களாக அச்சிட்டுத் தள்ளியது. ஓர் உலகத்தின் வாசகர் இன்னோர் உலகத்தை வாங்கவில்லை. வேறு நெருக்கடிகளும் சேர்ந்துகொள்ள, 1997-இல் நிறுவனமே விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்டின் கைக்குப் போனது. அதிலிருந்து பதிப்பகங்கள் ஊர் நூல் என்றாலே தயங்குகின்றன.

தயக்கம் புரிகிறது. ஆனாலும் அடுத்து வர வேண்டியது ஓர் ஊரின் நூல்தான். அந்த ஊர் கங்கைகொண்ட சோழபுரமாக இருக்க வேண்டும்.

இந்தியா இந்த விளையாட்டுக்குள் வந்த வழியைப் பார்த்தால் காரணம் தெரியும். 1980-இல் வந்த 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' இந்திரனுக்கும் காளிக்கும், எவ்வளவு அடி தாங்குவார்கள் என்று குறிக்கும் உயிர்ப்புள்ளி எண்ணிக்கை கொடுத்து, வாளால் வெட்டக்கூடிய எதிரிகளின் வரிசையில் நிறுத்தியது. ஜப்பானும் சீனமும் கலந்த கிழக்கு உலகத்துக்கு 1985-இல் ஒரு தடித்த நூல் கிடைத்தது. அரபுக் கதைகளின் உலகம் 1992-இல் வந்தது. 2022-இல்தான் 'ஜர்னீஸ் த்ரூ த ரேடியன்ட் சிட்டடெல்' தொகுப்பின் 13 சாகசங்களில் ஒன்றாக, கொல்கத்தாவில் பிறந்த மிமி மண்டல் வங்காளச் சாயலுள்ள ஆற்றுநிலம் ஒன்றை எழுதினார். சொந்த மண்ணை அறிந்தவர் எழுதும்போது வரும் தெளிவு அதில் இருக்கிறது. தெற்கு இன்னும் காத்திருக்கிறது.

கங்கைகொண்ட சோழபுரத்தைப் பார்க்கப் போகிறவர்கள் கோயிலைப் பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள். நகரம் எங்கே என்று கேட்பவர் குறைவு. முதலாம் ராஜேந்திரனின் கங்கைப் படையெடுப்புக்குப் பின் எழுந்து சுமார் 250 ஆண்டுகள் தலைநகராக இருந்த ஊர், இன்று அரியலூர் மாவட்டத்து வயல்களுக்கு அடியில் கிடக்கிறது. உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம் என்று பக்கத்து ஊர்ப் பெயர்கள் மட்டும் அதன் உறுப்புகளைச் சொல்கின்றன. 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது கோயில் மதிலின் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். மாளிகைமேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1980-களிலும், மறுபடி 2021 முதலும் தோண்டியதில் செங்கல் சுவர்களும் கூரை ஓடுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் வெளிவந்தன. கல்வெட்டுகள் சோழகேரளன் என்ற திருமாளிகையையும் வேம்புக்குடி வாசலையும் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. மேற்கே பொன்னேரி; ராஜேந்திரன் அதற்கிட்ட பெயர் சோழகங்கம். அதன் கரை 16 மைல் நீளம் என்று பழைய மாவட்டக் குறிப்பு பதிவுசெய்திருக்கிறது.

ஆட்ட நடத்துநருக்கு இதைவிட நல்ல களம் அமையாது. எல்லாமே தெரிந்த ஊரில் கதை சொல்ல இடமிருக்காது. எதுவுமே தெரியாத ஊரில் கால் ஊன்ற இடமிருக்காது. இங்கே வாசலின் பெயர் தெரியும், அதற்கு உள்ளே போகும் தெருவை நாமே போட வேண்டும்.

காலம் எது? ராஜேந்திரன் காலம் என்று உடனே தோன்றும். கடாரப் படையெடுப்பு, 1025, கப்பல்கள். ஆனால் வெற்றி ஊர்வலத்தில் ஆடுபவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. தேர்ந்தெடுக்க வேண்டிய ஆண்டு 1070. அரசன் வீரராசேந்திரன் இறக்கிறான். அவன் மகன் அதிராசேந்திரன் அரியணை ஏறுகிறான். அவனுடைய சகோதரியை மணந்த சாளுக்கிய இளவரசன் விக்கிரமாதித்தன் படையோடு வந்து மைத்துனனை அமர்த்தி, ஒரு மாதம் இந்நகரில் தங்கித் திரும்புகிறான். அவன் துங்கபத்திரைக் கரையை அடைந்த சில நாளில், கலகத்தில் அதிராசேந்திரன் மாண்டான், வேங்கியின் தலைவன் அரசைப் பிடித்தான் என்ற செய்தி வருகிறது. இதைச் சொல்பவர் விக்கிரமாதித்தனின் அவைக்கவி பில்கணர். அவர் யார் பக்கம் என்பது வெளிப்படை. மறுபக்கத்தில், புது அரசன் முதலாம் குலோத்துங்கனைப் பாடிய கலிங்கத்துப்பரணி நாட்டில் ஒழுங்கு குலைந்திருந்ததைச் சொல்கிறது, அதிராசேந்திரனைச் சொல்லவில்லை. நோயில் இறந்தானா, கொல்லப்பட்டானா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றித் தமிழ் வாசகர்கள் மூன்று தலைமுறையாகப் பேசி ஓயவில்லை. அதற்குக் கொஞ்சமும் குறையாத மர்மம் இது. இன்னும் புழங்காத மர்மமும்கூட. துணைநூல் விடை சொல்லக் கூடாது. நோய், கலகம், சதி என்ற மூன்று வழிக்கும் சாட்சிகளைத் தனித்தனியே கொடுத்துவிட்டு, எது உண்மை என்பதை அந்தந்த மேசைக்கு விட வேண்டும்.

பாத்திரங்களுக்கும் பஞ்சமில்லை. ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் ஆள். இவர்களுடைய தமிழ்க் கல்வெட்டு சுமத்ராவின் பாருசில் 1088-இல் பொறிக்கப்பட்டது. அரசனுக்காக உயிரைப் பணயம் வைத்த வேளைக்காரப் படைவீரன். எந்த அரசனுக்கு என்பதுதான் இப்போது சிக்கல். அரசன் வாய்மொழியை முதலில் ஓலையில் இறக்கும் திருமந்திர ஓலை அதிகாரி. கடைசி ஆணையைக் கேட்டவர் அவர் ஒருவர்தான் என்றால், ஊரே அவரைத் தேடும்.

விலைப்பட்டியல் சலிப்பூட்டும் பக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அதுதான் ஊருக்கு உயிர் தரும். தஞ்சைக் கல்வெட்டுகளின்படி ராஜராஜன் காலத்தில் ஒரு காசுக்கு இரண்டு கலம் நெல். வட்டி ஆண்டுக்கு எட்டில் ஒரு பங்கு. விலை ஏறக்குறைய அப்படியே நீடித்ததாக வைத்துக்கொண்டால், நம் வணிகர் காவலனிடம் நான்கு கலம் நெல்லைக் கொடுத்திருக்கிறார். இது அறிந்த நடத்துநர் இலக்கை 15-இலிருந்து 8-ஆகக் குறைத்திருப்பார். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் விடப்படும். எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டும் என்பதால் அவை சாவா மூவாப் பேராடுகள். கலக நாட்களில் ஒரு மந்தை காணாமல் போகிறது, விளக்கு அணையும் நிலை என்றால், புதிதாக ஆடுபவர்களுக்கு அதுவே முதல் சாகசம்.

ஒரு வரம்பு உறுதியாக வேண்டும். யுனெஸ்கோ 2004-இல் உலக மரபுப் பட்டியலில் சேர்த்த இக்கோயிலில் இன்றும் பூசை நடக்கிறது. தெய்வத்துக்கு உயிர்ப்புள்ளி போடும் வேலை இந்நூலில் கூடாது. விலங்கும் பூதமும் வேண்டுவோருக்கு அரியலூர், பெரம்பலூர் வட்டாரமே தனி நூல் தரும்: காரைப் பகுதியின் செம்மண் ஓடைகளில் கிடைக்கும் அம்மோனைட்டுகள், பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரம். அதை இரண்டாம் துணைநூலாக வைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் வெளிநாட்டுப் பதிப்பகம் செய்யட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. 2023 ஜனவரியில் விசர்ட்ஸ் நிறுவனம் தன் விளையாட்டின் அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். யாரும் மொழிபெயர்க்கலாம், அதன் மேல் நூல் எழுதலாம், விற்கலாம். ஜெயங்கொண்டத்து ஆசிரியர் ஒருவரும் கல்வெட்டு படிக்கத் தெரிந்த மாணவர் ஒருவரும் ஓர் ஓவியரும் சேர்ந்தால் நாற்பது பக்கத்தில் முதல் பதிப்பைத் தமிழிலேயே கொண்டுவரலாம்: இருபது பக்கம் நகரம், பத்து பக்கம் ஆட்கள், பத்து பக்கம் ஆட்டு மந்தைச் சாகசம், நடுவில் விரித்துப் பார்க்க ஒரு வரைபடம். வரைபடத்தில் அகழாய்வு உறுதிசெய்த சுவர்கள் கறுப்பு மையிலும், கற்பனைத் தெருக்கள் சிவப்பு மையிலும் இருக்க வேண்டும்.