பாழான சுவரைக் காப்பது வீண் செலவா?

நகரத்தில் ஒரு சதுர அடி நிலத்தின் விலையை நாம் நன்கு அறிவோம். ஆகவே, கூரையற்ற பழைய மருத்துவமனை ஒன்றை இடிக்காமல் காப்பது நமக்கு வீண் செலவாகத் தோன்றலாம். ஆயினும் நியூயார்க் நகரத்தார் அதைச் செய்திருக்கிறார்கள்.

அந்நகரின் கிழக்கு ஆற்றின் நடுவே ரூஸ்வெல்ட் தீவு உள்ளது. பெரியம்மை கண்டவர்கள் முன்பு அங்கே மரக் கொட்டகைகளில் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தனர். 1856-இல் அவர்களுக்கென 100 படுக்கைகளுடன் ஒரு கல் மருத்துவமனை திறக்கப்பட்டது. செயின்ட் பாட்ரிக் பேராலயத்தை வடிவமைத்த ஜேம்ஸ் ரென்விக் என்பவரே இதையும் வடிவமைத்தார். கைதிகள் அத்தீவிலேயே கற்களை வெட்டியெடுத்தனர். கீழ்த்தளங்களில் ஏழைகளும், மேலே பணம் செலுத்தியவர்களும் கிடந்தார்கள். பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்து, உறவினர் ஒருவரும் அருகில் இல்லாமல் நோயுற்றவர்களும் அவர்களில் இருந்தனர்.

1875-இல் அக்கட்டடம் செவிலியர் பயிற்சிக்கு விடப்பட்டது, 1950-களில் கைவிடப்பட்டது. 1976-இல் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டும், 2007 டிசம்பரில் வடபகுதிச் சுவரில் ஒரு பாகம் சரிந்தது. கூரையற்ற சுவரின் இணைப்புகளில் மழைநீர் இறங்கும், குளிர்காலத்தில் உறைந்து விரியும், கற்கள் பிரியும். பின்பு சுமார் 45 லட்சம் டாலர் செலவில் எஞ்சிய சுவர்களை உறுதிப்படுத்தும் பணி நடந்தது. கட்டடத்தைப் புதிதாக்கவில்லை, பாழாகவே நிற்கும்படி தாங்கினார்கள்.

அப்பணத்தை உயிரோடிருக்கும் நோயாளிக்குக் கொடுக்கலாகாதா? இக்கேள்வி நியாயமானதே. ஆனால் யோர்தானைக் கடந்தபின் கில்காலில் பன்னிரண்டு கற்களை நாட்டும்படி செய்தவர் கர்த்தரே (யோசுவா 4). பிள்ளைகள் கேட்கும்போது பெற்றோர் சொல்லவேண்டிய சாட்சி அக்கற்களில் இருந்தது. பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்தது என்று 1980-இல் அறிவிக்கப்பட்டது. அம்மைத் தழும்புள்ள முகத்தை நம் பிள்ளைகள் கண்டதில்லை. அந்நோயின் கொடுமையையும், ஒதுக்கப்பட்டோரின் தனிமையையும் அவர்களுக்குச் சொல்ல ஒரு சுவராவது நிற்கட்டும்.

எனினும், சுவரைக் காத்து மனிதனை மறந்தால் அந்த நினைவு நிறைவேறாது. ஊரைவிட்டு வந்து, மொழி தெரியாத அரசு மருத்துவமனை வார்டில் தனியே படுத்திருக்கும் நம்மவர் இன்றும் உண்டு. வியாதியாயிருந்தவனை விசாரித்தது தம்மையே விசாரித்தது என்றார் ஆண்டவர் (மத்தேயு 25). இந்த மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும், பிளாஸ்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு குடும்பமாக அங்கே செல்லுங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கேள்வி கேட்பார்கள்.